நாய்க்கு ஒரு கை, பூனைக்கு ஒரு கையா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஜன்னல் வழியே ரசித்துக் கொண்டு போகிறவர்கள் ஒரு ரகம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்து கொண்டே போகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகம். ஆகையால், நேயர்களே, வழியிலே கண்ட இயற்கைக் காட்சிகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஏற்காட்டில் இறங்கி, வேறு வண்டி பிடித்து, நாகலூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குக் கண் திறந்தது.

திறந்த கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரே பனி மூட்டம்! மார்கழி மாதம், காலை பத்து மணிக்குப் பக்கத்திலிருந்த காப்பிச் செடிகூடப் புகையில் வரைந்த சித்திரம் மாதிரி இருந்தது.

போன காரியம் இதுதான். நாய், பூனை, கோழி, முயல் எல்லாம் ஒற்றுமையாக வளர்கிற ஒரு வீட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் சொல்லியிருந்தார். என் சிநேகிதியின் பெரியம்மா நாகலூரில்தான் இருக்கிறார். சின்னதாக ஒரு காப்பித் தோட்டம், அதன் நடுவே ஓட்டு வீடு. அந்த வீட்டில் நாய் இரண்டு, பூனை ஒன்று, கோழி ஒரு டஜன், முயல் நாலு. இதைவிட வேறென்ன வேண்டும்? நாலு படம், நாலு பாரா, வேலை முடிந்தது என்று எண்ணிக் கொண்டுதான் வாசற்படியில் கால் வைத்தேன்.

செவலை நிறத்தில் ஒரு நாய் வாலை ஆட்டிக் கொண்டு ஓடி வந்தது. தலையைத் தடவிக் கொடுத்தேன். திண்ணையில் ஒரு பூனை, ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னை எடை போட்டது. அதையும் தடவிக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"கண்ணு! நில்லு!"

உள்ளேயிருந்து வந்த குரலில் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பெரியம்மா முறத்தோடு வெளியே வந்தார்.

"பூனையைத் தொடாதே. அது நாயைத் தொட்ட கை. அதோ குழாய் இருக்கு, சோப்பும் இருக்கு. கையைக் கழுவிட்டு வந்து அப்புறம் கொஞ்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாய்க்கு ஒரு கை, பூனைக்கு ஒரு கையா, பெரியம்மா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "நானும் ஒரு காலத்திலே அப்படித்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அந்தக் கதையைக் காப்பி குடிக்கும்போது சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது செவலை குட்டி போட்டிருந்தது. நாலு குட்டிகள். காப்பிக் கொட்டை காயப்போடும் களத்துக்கு அப்பால் ஒரு கொட்டகை உண்டு. அங்கேதான் தாயும் குட்டிகளும் குடித்தனம். குட்டிகளுக்கு ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். கண் திறந்து, ஓட்டம் பழகி, ஒன்றையொன்று காதைக் கடித்து விளையாடுகிற பருவம்.

அந்தச் சமயம் பார்த்துப் பேரனுடைய பிறந்தநாளுக்கென்று சேலத்திலிருந்து ஒரு ஜாதி நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. பஞ்சு உருண்டை மாதிரி வெள்ளைக் குட்டி. வந்த மூன்றாம் நாள் பால் குடிக்கவில்லை. நாலாம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் ரத்தமாகப் பேதி. மலையிலிருந்து கீழே டாக்டரிடம் கொண்டு போய், ஊசி போட்டு, நரம்பில் மருந்து ஏற்றி, திரும்பக் கொண்டு வந்தார்கள். பெரியம்மா வராந்தாவில் பாயைப் போட்டு அதன் பக்கத்திலேயே படுத்துக் கொண்டார். டாக்டர் சொன்னபடி வேளை தவறாமல் மருந்து. அழுக்கானபோதெல்லாம் துணி மாற்றி, துடைத்து, வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, நாலு ராத்திரி தூங்கவே இல்லை.

"பிழைச்சுதா?" என்று கேட்டேன்.

"அது பிழைச்சுது, கண்ணு. கொட்டகையிலே இருந்த நாலிலே மூணு போயிடுச்சு."

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அது எப்படி? சீக்குக் குட்டி கொட்டகைப் பக்கம் போயிற்றா?"

"அது எங்கே போச்சு? வராந்தாவை விட்டு எழுந்திருக்கவே அதுக்குச் சக்தி இல்லை. கொட்டகையிலே இருந்த குட்டிங்களும் இங்கே வரலை. இரண்டுக்கும் நடுவிலே போய் வந்தவள் நான்தான். இங்கே துடைச்சேன், முந்தானையிலே கையைத் துடைச்சுக்கிட்டேன், ‘ஐயோ, அதுங்க பட்டினி கிடக்குமே’ன்னு அங்கே போய்ச் சோறு பிசைஞ்சு வெச்சேன்."

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. கூரை ஓட்டிலிருந்து பனி சொட்டுச் சொட்டாக விழுந்து கொண்டிருந்தது.

நேயர்களே, ‘ஒற்றுமையாக வாழும் பிராணிகள்’ என்று நான் எழுத வந்த கட்டுரை அந்த இடத்திலேயே செத்துப் போயிற்று. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் குட்டிக்கு வந்த நோய்க்குப் பார்வோ என்று பெயர். நாய் வளர்க்கிறவர்கள் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தக் கிருமிக்கு ஒரு வேடிக்கையான பூர்வோத்தரம் உண்டு. பூனைகளைக் கொன்று வந்த பழைய கிருமி ஒன்றுக்கு இது நெருங்கிய உறவு. நாய்களிடையே இதை முதன்முதலாக அடையாளம் கண்டது 1978-ஆம் வருஷம். பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் இரண்டே வருஷத்தில் உலகத்தைச் சுற்றிவிட்டது! 1980-களின் தொடக்கத்தில் நம் சென்னையிலேயே அந்த நோய் கண்ட நாய்களைப் பற்றி மிருக வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். இப்போது உலவுகிற அதன் புதிய வகைகள் பூனைகளையும் திரும்பத் தொற்றக் கூடியவை. பூனைக் குலத்திலிருந்து புறப்பட்டு, நாய்க் குலத்தில் குடியேறி, பழைய வீட்டுக்கும் வந்து போகக் கற்றுக் கொண்டுவிட்டது.

நோய் கண்ட குட்டியின் கழிவில் கடுகளவு போதும். அதிலே லட்சக்கணக்கில் கிருமி இருக்கும். நிழலும் ஈரமுமான மண்ணில் மாதக் கணக்காகச் சாகாமல் கிடக்கும். கைக்குத் தடவிக் கொள்கிற ஸ்பிரிட் திரவம் இதனிடம் பலிக்காது. சாதாரண பினாயிலுக்கும் இது அவ்வளவாக மசியாது. நாகலூர் மாதிரி பனி மூடிய மலையில் வெயிலையும் நம்ப முடியாது. கீழே சேலத்தில் சாக்கையும் பாயையும் மொட்டை மாடியில் போட்டால் ஒரு பகலில் காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிடும். இங்கே மூன்று நாள் போட்டாலும் பிழிந்து எடுக்கலாம்.

சரி, பிராணிகளுக்குள் ஒன்றின் நோய் இன்னொன்றுக்கு வந்தே தீருமா என்றால், அப்படியும் இல்லை. பயந்து போய்ப் பூனையைச் சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விட்டுவிட வேண்டாம்! பூனைக்கு வருகிற சளிக் கிருமிகளில் பெரும்பாலானவை நாயை ஒன்றும் செய்யாது. கோழிக் கழிச்சல் நாய்க்கு வராது. சில கிருமிகளுக்குத்தான் வீடு மாறத் தெரியும். ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நோய் வராத பிராணிகூடத் தபால்காரன் வேலை பார்க்கும். சீக்குக் கோழியின் எச்சத்தை நாய் பாதத்தில் ஒட்டிக் கொண்டு போய் அடுத்த கூண்டின் வாசலில் சேர்த்துவிடும். அந்தத் தபால்காரர்களுக்கெல்லாம் தலைமை போஸ்ட்மாஸ்டர் யார் தெரியுமா? காலையில் எழுந்ததும் எல்லாக் கூண்டையும் திறந்து, எல்லாத் தட்டையும் கழுவி, எல்லாரையும் தட்டிக் கொடுக்கிற வீட்டு அம்மாள்தான்.

கழிச்சல் என்றதும் பெரியம்மா வீட்டின் இரண்டாவது கதை ஞாபகம் வருகிறது. இது குட்டிகள் இறந்ததற்கு முந்தைய வருஷம். சந்தையில் நல்ல பெட்டைக் கோழி ஒன்று மலிவாகக் கிடைத்தது. வாங்கி வந்து, அன்று மாலையே மற்ற கோழிகளோடு கூட்டில் அடைத்தார். ஒரு வாரத்தில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். கழுத்துத் திருகிக் கொண்டது. பதினாறு கோழியில் இரண்டு மிஞ்சின. மலிவு விலைக் கோழி!

வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லுகிற இந்த நோய்க்கு இந்தியாவில் ராணிக்கேத் நோய் என்று பெயர். ராணிக்கேத் என்பது இமயமலைப் பக்கம் குமாவூனில் உள்ள ஒரு குளிர்வாசஸ்தலம். 1920-களில் அங்கே கோழிகளிடம் இதைக் கண்டு எழுதியதால் ஊர்ப் பெயர் நோய்க்கு ஒட்டிக் கொண்டது. அதே காலத்தில் இங்கிலாந்திலும் இது தலை காட்டியபடியால் அங்கே நியூகாசில் நோய் என்பார்கள். ஏற்காட்டுக்கு அப்படி ஒரு கீர்த்தி வராமல் போனது நம் அதிர்ஷ்டம்! இதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. தமிழ்நாட்டுக் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் ஊர் ஊராக முகாம் போட்டுக் கொல்லைப்புறக் கோழிகளுக்கும் ஊசி போடுவது வழக்கம். கோடையில் இந்த நோய் அதிகமாகத் தலையெடுக்கும் என்பதால் முன்கூட்டியே போடுகிறார்கள். பத்துக் கோழிதானே என்று சோம்பல்படாதீர்கள்.

சேலத்திலிருந்து நாமக்கல் வெகு தூரமில்லை. முட்டைக்குப் பெயர் போன ஊர். அங்கே கோழிப் பண்ணை ஒன்றைப் பார்க்கப் போயிருக்கிறீர்களா? எடுத்தவுடன் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் மருந்துத் தண்ணீர் தேங்கி நிற்கும். அதில் காலை நனைத்துத்தான் தாண்ட வேண்டும். லாரியின் சக்கரத்துக்குக்கூட மருந்து தெளிப்பார்கள். "என் பண்ணைக்கு வருவதற்கு முன்னால் வேறு பண்ணைக்குப் போனீர்களா?" என்று கேட்பார்கள். போனதாகச் சொன்னால், ‘இன்னொரு நாளைக்கு வாருங்கள்’ என்று கும்பிடு போட்டுவிடுவார்கள். ஆயிரக்கணக்கான கோழி வைத்திருக்கிறவருக்குத் தெரிந்த விஷயம், பத்துக் கோழியும் ஒரு பூனையும் வைத்திருக்கிற நமக்குத் தோன்றாமல் போகிறது. பண்ணைக்காரருக்கு நஷ்டக் கணக்குத் தெரியும். நமக்கு அழத்தான் தெரியும்.

காவல் போட்ட காட்டிலேயே இந்த வம்பு உண்டு என்றால் நம்புவீர்களா? 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிக் காட்டில் சிங்கங்கள் வலிப்புக் கண்டு விழுந்தன. மூன்றில் ஒரு பங்கு, ஆயிரம் சிங்கங்களுக்கு மேல் மடிந்தன என்கிறார்கள். காரணம், நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் என்ற நோய். சுற்றுப்புறக் கிராமங்களில் ஊசி போடாத நாய்கள் ஏராளம். நம் தேசத்திலும் 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் சிலவற்றில் அதே நாய்க் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். உடனே அமெரிக்காவிலிருந்து தடுப்பு மருந்து தருவித்துச் சிங்கத்துக்கு ஊசி போட்டார்கள். காட்டு ராஜாவுக்கே இந்தக் கதி!

இனி, பெரியம்மா தம் வீட்டில் என்ன செய்கிறார் என்று சொல்லிவிடுகிறேன். அவர் இதற்குப் ‘பந்தி முறை’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது போலத்தான். முதல் பந்தி குட்டிகளுக்கும் குஞ்சுகளுக்கும். அவற்றுக்குத்தான் நோயைத் தாங்கும் சக்தி குறைவு. இரண்டாம் பந்தி வளர்ந்த, ஆரோக்கியமான பிராணிகளுக்கு. மூன்றாவது, புதிதாக வந்தவற்றுக்கு. சீக்காளிக்கு எப்போதும் கடைசிப் பந்தி. தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, கூண்டு பெருக்குவது எல்லாம் இந்த வரிசையில்தான். நோயாளியிடம் போன பிறகு மறுபடி குட்டிகளிடம் திரும்பக் கூடாது. அவசியம் திரும்ப வேண்டுமானால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, புடவையையும் மாற்றிக் கொண்டுதான்.

"நமக்கு மனசு எதிர்மாறாச் சொல்லும், கண்ணு. ‘சீக்காளியை முதல்லே பார்த்துட்டு வந்துடலாம், பாவம்’னு தோணும். அந்தப் பாவம்தான் மத்ததுக்கெல்லாம் பாவமாப் போகும்" என்றார்.

முயல் கூண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் பழைய புடவையைக் கிழித்துத் தைத்த நீளமான மேலங்கி ஒன்று தொங்குகிறது. சீக்குப் பிராணியைப் பார்க்கும்போது மட்டும் அதை மாட்டிக் கொள்கிறார். அதற்கென்று தனியாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வேலை முடிந்ததும் மேலங்கியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிடுவார். முந்தானையில் கை துடைக்கிற பழக்கத்தை மட்டும் விட முடியவில்லையாம். "நாற்பது வருஷத்துக் கை, தானாப் போகுது. அதுக்காகவே இடுப்பிலே ஒரு துண்டைச் சொருகிக்கிறேன்" என்று சிரித்தார். துண்டு தினமும் மாறும்.

தட்டுக்களில் ஒரு ரகசியம் இருக்கிறது. நாய்த் தட்டின் அடியில் சிவப்புப் பெயிண்ட், பூனைக்கு மஞ்சள், முயலுக்குப் பச்சை. கழுவுகிற தேங்காய் நாரும் அந்தந்தத் தட்டோடேயே இருக்கும். ஒரே நார் எல்லாத் தட்டுக்கும் போய் வந்தால் தட்டு தனித்தனியாக இருந்து என்ன பிரயோஜனம்? ராத்திரியில் மீதித் தீனியை வெளியே வைப்பதில்லை, எலி வரும். எலியின் சிறுநீரிலிருந்து எலிக் காய்ச்சல் நாய்க்கு வரும், மாட்டுக்கு வரும், நமக்கும் வரும். பகலில் குரங்கு வேறு! ஏற்காட்டுக் குரங்குகளுக்கு எந்த வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பது அத்துப்படி. நாய்த் தட்டில் கை வைக்காமல் அவை போவதில்லை. ஆகையால் சாப்பிட்டு முடித்த மறு நிமிஷம் தட்டு உள்ளே போய்விடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அவருடைய ‘விருந்தாளி அறை’. விறகு வைக்கிற அறையைக் காலி செய்து, கம்பி வலைக் கதவு போட்டிருக்கிறார். வீட்டுக்குப் புதிதாக எந்தப் பிராணி வந்தாலும் முதல் இரண்டு வாரம் அங்கேதான் வாசம். எவ்வளவு ஜாதி உயர்ந்த குட்டியானாலும் சரி, யார் கொடுத்ததானாலும் சரி. பறவை, முயல் என்றால் ஒரு மாதம்கூட வைத்துக் கொள்ளலாம். இதற்கென்ன காரணம் என்றால், பல நோய்களில் கிருமி உடலில் புகுந்து பல நாள் கழித்துத்தான் நோய் வெளியே தெரியும். தெரிவதற்கு முன்பே கழிவிலும் எச்சிலிலும் கிருமி வந்து கொண்டிருக்கும். முதல் நாள் துள்ளி விளையாடுகிறதே என்று பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இது புதிய யோசனையும் அல்ல. அந்தக் காலத்தில் பிளேக் நோய்க்குப் பயந்து வெனிஸ் நகரத்தில் கப்பல்களை நாற்பது நாள் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். ‘க்வாரன்டைன்’ என்ற வார்த்தையே நாற்பது என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பட்டணத்தில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறவர்கள் விருந்தாளி அறைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயந்தான். குளியலறையோ, பால்கனியின் ஒரு மூலையோ போதும். மற்றப் பிராணி மூக்கை நுழைக்க முடியாதபடி கதவோ தடுப்போ இருந்தால் சரி. வாங்கும் முன்பே அந்த இடம் எது என்று தீர்மானித்துக் கொள்ளுங்கள். குட்டி வீட்டுக்குள் வந்து குழந்தைகள் மடியில் ஏறிவிட்ட பிறகு அதைப் பிரித்து வைக்க எந்தத் தாயாராலும் முடியாது.

சுத்தம் செய்கிற மருந்து விஷயத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். இங்கே என் சொந்த மானக்கேடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டுப் பூனைக்கு உடம்பு சரியில்லை என்றதும் கிருமி ஒழிய வேண்டும் என்று தரை பூராவும் பினாயிலைக் கொட்டித் துடைத்தேன். நுரை பொங்கப் பொங்கத் துடைத்த திருப்தி! பூனை அதன் மேல் நடந்தது. வழக்கம்போல் உட்கார்ந்து பாதத்தை நக்கியது. அரை மணியில் வாயிலிருந்து கோழையாக ஒழுகத் தொடங்கியது. தூக்கிக் கொண்டு ஓடினேன். டாக்டர் பூனையைக் கவனித்துவிட்டு என்னைக் கவனித்தார். "அம்மா, நோயைவிட உங்கள் வைத்தியம் மோசம்" என்றார். பூனையின் ஈரலுக்குப் பினாயில் வகைச் சரக்குகளை முறிக்கிற சக்தி இல்லை. பூனை நடமாடுகிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

வேறு என்ன செய்வது? முதலில் அழுக்கை வழித்தெடுத்து, சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பாதிக் கிருமி அதிலேயே போய்விடும். அழுக்கின் மேல் மருந்து ஊற்றினால் மருந்துதான் தோற்கும். பிறகு, கடையில் திரவமாக விற்கிற சாதாரண பிளீச்சில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் ஊற விட்டு, நன்றாக அலம்பிக் காய வைக்க வேண்டும். பார்வோக் கிருமியே இதற்குப் படியும். அன்றன்றைக்குக் கலந்தால்தான் வீரியம் இருக்கும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள். விஷப் புகை கிளம்பும். காய்கிற வரையில் பிராணிகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

மருந்து மாறாட்டம் இன்னொன்றும் உண்டு. உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் நாய்க்கென்று விற்கிற சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற சரக்கு இருக்கும். நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனைக்கு வலிப்பு வரும், உயிரே போகலாம். ஃபிப்ரோனில் என்ற மருந்து நாய்க்கும் பூனைக்கும் பழக்கமானது, முயலுக்கு ஆகாது. "ஒரே வீட்டுப் பிராணிதானே" என்று ஒரே சீசாவிலிருந்து எல்லாருக்கும் தடவிவிடாதீர்கள். ஆனால் தெள்ளுப்பூச்சியைப் பொறுத்தவரை, அந்தந்தப் பிராணிக்குரிய மருந்தை எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். பூனைத் தெள்ளு என்று பெயர் பெற்ற பூச்சிதான் நாய்களிடமும் அதிகமாகக் காணப்படுவது. நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் அது பூனை மேல் குடி பெயர்ந்து, பத்து நாள் கழித்துச் சௌகரியமாகத் திரும்பி வரும். போதாக்குறைக்கு, அந்தத் தெள்ளைக் கடித்து விழுங்குகிற பிராணியின் வயிற்றில் நாடாப்புழுவும் வளரும்.

படர்தாமரையும் இப்படி வீடு சுற்றுகிற ஆசாமிதான். தெருவிலிருந்து குழந்தைகள் தூக்கி வருகிற பூனைக்குட்டியின் காதோரம் வட்டமாக மயிர் உதிர்ந்திருந்தால் உஷார். அது நாய்க்கு வரும், குழந்தையின் கன்னத்துக்கும் வரும். சீப்பிலும் கம்பளியிலும் அதன் விதை ஒரு வருஷத்துக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். ஆளுக்கொரு சீப்பு என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லுகிறோமே, அது பிராணிகளுக்கும் பொருந்தும்.

முயலோடு ‘கினிபிக்’ என்கிற அந்தக் கொழுகொழு பிராணியையும் ஒரே கூண்டில் போட்டு விற்கிறார்கள். பார்க்க அழகாய்த்தான் இருக்கும். முயலின் மூக்கில் சும்மா குடியிருக்கிற ஒரு கிருமி கினிபிக்குக்கு நிமோனியாவாக இறங்கிக் கொன்றுவிடும். நாய்க்கு விடாத இருமல் கொடுப்பதும் அதே கிருமிதான். ஆகையால் இருமுகிற நாயை முயல் கூண்டுப் பக்கம் விடக் கூடாது. கிளியைப் பற்றி ஒரு வார்த்தை: நம் பச்சைக் கிளியைக் கூண்டில் வளர்ப்பதே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகையால் அதைப் பற்றி யோசனை சொல்லும் வேலை எனக்கு மிச்சம்.

கோழி செத்தால் நாய்க்குத் தூக்கிப் போடுகிற வழக்கம் நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் உண்டு. கோழி அறுத்த குடலைப் பூனைக்குப் பச்சையாகப் போடுவதும் உண்டு. இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். 2025-இன் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடம் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் 2024-இல் நோய் கண்ட மாட்டின் பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்துப் போயின. போடுவதானால் வேகவைத்துப் போடுங்கள். நோயில் செத்த கோழியைச் சுண்ணாம்பு தூவி ஆழக் குழி வெட்டிப் புதைப்பதுதான் முறை. அடுத்தடுத்துப் பல கோழி செத்தால் கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஊசி விஷயத்தில் பெரியம்மா இப்போது வெகு கண்டிப்பு. அலமாரிக் கதவில் ஒரு காலண்டர் தொங்குகிறது. ராகு காலம் குறித்த கட்டங்களுக்கு நடுவே ‘செவலை ஊசி’ என்று சிவப்பு மசியில் எழுதியிருக்கிறது. நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தரமாக, பதினாறு வாரம் ஆகும் வரை பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகள் போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். தாயின் பாலிலிருந்து குட்டிக்குக் கிடைத்த காப்பு முதல் ஊசியைச் சில சமயம் வேலை செய்ய விடாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க் கடி ஊசி. இது பூனைக்கும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊசி போட்ட நாய் வீட்டிலிருக்க, ஊசி போடாத பூனை மதில் தாண்டித் தெரு நாயோடு சண்டை போட்டுவிட்டு வந்தால் என்ன லாபம்?

"அப்ப செவலைக்கு ஊசி போட்டிருந்தா, அதோட பால் குடிச்ச குட்டிங்களுக்கும் கொஞ்சம் காப்பு இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார்" என்றார் பெரியம்மா. அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. குட்டிகளைப் புதைத்த இடத்தில் ஆரஞ்சுக் கன்று வைத்திருக்கிறார்; காய்க்க ஆரம்பித்துவிட்டது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வருஷம் வரை வீட்டில் புது நாய்க்குட்டியே சேர்க்கவில்லையாம். மண்ணில் கிருமி கிடக்குமே என்ற பயம். இப்போதுள்ள இரண்டாவது நாய் யார் என்று நினைக்கிறீர்கள்? சேலத்திலிருந்து வந்த அந்த வெள்ளைக் குட்டியேதான். நாலு ராத்திரி கண் விழித்துப் பிழைக்க வைத்தது அல்லவா? அவர் எங்கே போனாலும் பின்னாலேயே போகிறது.

மாலையில் பனி கொஞ்சம் விலகிற்று. விருந்தாளி அறையைக் காட்டினார். உள்ளே ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி வலைக் கதவில் நகம் மாட்டி ஏறிக் கொண்டிருந்தது. எதிர் வீட்டுச் சிறுமி ஒருத்தி வெளியே குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"பாட்டி, இன்னிக்காச்சும் தூக்கலாமா?"

"இன்னிக்கு ஒன்பதாம் நாள். இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

"அது அழுவுதே!"

"அழட்டும். அழற குட்டி நல்லா இருக்குன்னு அர்த்தம்."

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செவலையை ஒரு தரம் தட்டிக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்தேன். பெரியம்மா சோப்பை நீட்டினார்.

"ஊருக்குத்தானே போகிறேன்? இனிமேல் எதற்கு?" என்றேன்.

"உங்க வீட்டிலே பூனை இருக்குன்னு சொன்னியே?"

கழுவினேன். செருப்பின் அடியையும் ஒரு கொட்டாங்கச்சியால் சுரண்டிக் கழுவச் சொன்னார், அதையும் செய்தேன். இருபது வளைவுகளும் கண்ணை மூடிக்கொண்டே இறங்கி, ராத்திரி வீடு வந்து சேர்ந்தபோது எங்கள் பூனை வாசலுக்கே ஓடி வந்தது. புடவை மாற்றிக் கொண்டு வரும் வரை அது கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைத் திட்டிக் கொண்டேயிருந்தது.